கூத்துப் பெட்டி சொல்லும் பாடம்

சகோதரிகளே, தெருக்கூத்து ராஜாவின் கிரீடத்தைக் கையில் எடுத்துப் பார்த்ததுண்டா? கடலூர்-சிதம்பரம் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில், கூத்து வாத்தியார் தம் பெட்டியைத் திறந்து காட்டினார். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாமே மரம்!

"தூக்கிப் பாருங்கம்மா, பூ மாதிரி இருக்கும்" என்றார். நிஜந்தான். கல்யாண முருங்கை மரம், அவ்வளவு லேசு. விடிய விடிய ஆடுகிறவர் தலை தாங்க வேண்டுமே! மேலே ஜிகினாவும் கண்ணாடிச் சில்லும் ஒட்டியிருந்தன. பாஞ்சாலி வேஷக்காரருக்குப் புடவை? வாத்தியார் சம்சாரத்துடையதே!

முகப்பூச்சுக்கு ஒரு காலத்தில் அரிதாரம்தான். அந்த மஞ்சள் தாது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த பாஷாணம். "இப்ப அதைத் தொடறதில்லேம்மா" என்றார்.

பள்ளி விழாவுக்குக் குழந்தைக்கு வேஷம் போடும் தாய்மார்கள் கவனியுங்கள்:

* கிரீடம் அட்டையில் செய்யுங்கள், தலை வலிக்காது.

* படம் வரையும் பெயிண்டை முகத்தில் பூசவே கூடாது.

* முகப்பூச்சை முதல் நாளே முழங்கை மடிப்பில் துளி தடவிப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ வேண்டாம்.

* கலைக்கும்போது தேங்காயெண்ணெய் தடவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு முகம் கழுவுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள்.

ஒரு மணி நேர வேஷத்துக்காகப் பிஞ்சு முகம் ஒரு வாரம் எரியலாமா?