உங்கள் டெஸ்க்டாப் எந்த டிரைவில் இருக்கிறது?

சிதம்பரத்தில் என் சித்தப்பா வீட்டு கம்ப்யூட்டர் மிகவும் மெதுவாகிவிட்டது என்று சர்வீசுக்குக் கொடுத்தார்கள். "சி டிரைவை பார்மட் செய்யலாமா சார்?" என்று கடையில் கேட்டிருக்கிறார்கள். சி டிரைவில் நம்முடையது எதுவும் இல்லையே என்று சித்தப்பாவும் தலையாட்டிவிட்டார். போட்டோக்களை எல்லாம் அவர் வைத்திருந்தது டெஸ்க்டாப்பில்! பாட்டியின் கடைசிப் படங்களும் அதோடு போயின. எஸ்எஸ்டி டிஸ்க் என்பதால் மீட்பு சாப்ட்வேராலும் எதையும் எடுக்க முடியவில்லை.

கடைக்காரரைத் திட்டி என்ன பயன்? அவர் கேட்டுவிட்டுத்தான் செய்தார். பைலின் முகவரி நமக்குத் தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம். டெஸ்க்டாப்பும் சி டிரைவில் உள்ள ஒரு ஃபோல்டர்தான். அதன் பாத், சி:\யூசர்ஸ்\உங்கள் பெயர்\டெஸ்க்டாப். கடிதத்தில் கதவு எண், தெரு, சிதம்பரம், கடலூர் மாவட்டம் என்று எழுதுவோம் அல்லவா? பாத் அதற்குத் தலைகீழ். மாவட்டத்தில் தொடங்கிக் கதவு எண்ணில் முடியும். எக்ஸ்பியில் 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்று இருந்தது, 2007-ல் விஸ்டா வந்தபோது 'யூசர்ஸ்' ஆனது. ஒன்டிரைவ் பேக்கப் இயங்கினால் நடுவே 'ஒன்டிரைவ்' என்ற ஃபோல்டரும் நுழைந்திருக்கும். சந்தேகம் இருந்தால் பைலின் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் வரியைப் பாருங்கள்.

டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றிவிடுங்கள் என்பேன். பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் டேப், அதில் மூவ். பழைய பைல்களையும் நகர்த்தவா என்று கேட்கும், யெஸ் கொடுங்கள். இதை அலட்சியம் செய்தவர்கள் 2018 அக்டோபரில் பட்ட பாடு தெரியுமா? ஃபோல்டரை வேறு இடத்திற்கு மாற்றியிருந்த சிலரின் பழைய இடத்தில் பைல்கள் தங்கியிருந்தன. அந்த மாதம் வந்த விண்டோஸ் 10 அப்டேட் அவற்றை அழித்துவிட்டது. மைக்ரோசாப்ட் அந்த அப்டேட்டையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

டி டிரைவில் வைத்தால் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். பல வீடுகளில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரு பகுதிகள். டிஸ்க் போனால் இரண்டும் போகும். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர் புதுநகர், முதுநகர் என்று பார்த்தா அடித்தது?

சித்தப்பா இப்போது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கியிருக்கிறார். படங்களை அதில் காப்பி செய்து, கடலூரில் எங்கள் வீட்டு பீரோவில் வைத்திருக்கிறோம்.