‘கட்டணம் இல்லை’ என்றால் இலவசமா?

இந்தியாவுக்குப் பணம் அனுப்பும் நம் இளையர்கள் பலர் சேவைக் கட்டணத்தை மட்டுமே ஒப்பிடுகிறார்கள். பெரிய செலவு நாணய மாற்று விகிதத்தில்தான் ஒளிந்திருக்கிறது என்பேன். வெள்ளிக்குச் சந்தை விலையைவிட 2 ரூபாய் குறைத்துக் கொடுத்தால், ‘கட்டணமின்றி’ அனுப்பும் 500 வெள்ளியில் 1,000 ரூபாய் கரைந்துவிடும்.

2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐயுடன் இணைந்தது. பணம் நொடிகளில் சேர்கிறது. ஆனால், விரைவாகச் சேர்வதெல்லாம் மலிவாகச் சேர்வதாகாது. வெளிநாட்டு ஊழியர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பும் செலவை 2030க்குள் 3 விழுக்காட்டிற்குக் கீழ் குறைப்பது ஐநா இலக்கு. அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

அனுப்புமுன் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இதே 500 வெள்ளிக்கு, எல்லாப் பிடித்தமும் போக, வீட்டாருக்கு எத்தனை ரூபாய் கிடைக்கும்? இரண்டு மூன்று சேவைகளில் ஒரே நேரத்தில் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.