ஆபீசுக்குக் கரண்டு, வேளாங்கண்ணிக்குப் பெட்ரோல்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான எங்கள் செங்கலில் குடியிருப்பவர்களுக்குப் பெட்ரோல் விலை இரண்டு. உதியன்குளங்கரைப் பக்கம் ஒரு விலை, களியக்காவிளையைத் தொட்டால் இன்னொரு விலை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி களியக்காவிளை இருக்கும் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, எங்கள் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அந்தக் கோட்டின் பலனை இன்று பம்பில் பார்க்கிறோம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தது. 2023 ஏப்ரலில் கேரளம் சமூகப் பாதுகாப்பு நிதிக்கென்று 2 ரூபாய் கூட்டியது. அன்றிலிருந்து கே.எல். 19, கே.எல். 20 என்று எண் போட்ட வண்டிகள் எல்லைக்கு அப்பால் பம்பில் வரிசை கட்டுகின்றன. அந்த வரிசையில் நானும் உண்டு.

நான் ஓட்டுவது ஹைப்ரிட் கார். பெட்ரோல் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்தே இருக்கும், ஆனால் கரண்டில் சொருக வழியில்லை. வாங்கிய புதிதில் பக்கத்து வீட்டு அண்ணாச்சி பானெட்டைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "இத சார்ஜுக்கு எங்க போடுவிய?" எங்கும் போட வேண்டாம், பிரேக் பிடிக்கும்போது அதுவே ஏற்றிக்கொள்ளும் என்றேன். "அப்போ இது பெட்ரோல் வண்டிதானே!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி.

இந்த வகையில் நம் சாலைகளில் அதிகம் தென்படும் மாருதி கிராண்ட் விட்டாராவையும் டொயோட்டா ஹைரைடரையும் எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் உள்ள பேட்டரி 0.76 யூனிட்தான் கொள்ளும். வீட்டு மீட்டர் கணக்கில் ஒரு யூனிட் கூட இல்லை. அந்தச் சிறு பேட்டரி நன்றாக உழைப்பது நெரிசலில். பாலராமபுரம் சந்திப்பில் பஸ்ஸுக்குப் பின்னால் பஸ் நின்று நகரும்போது எஞ்சின் அணைந்துவிடும், வண்டி மோட்டாரில் ஊர்ந்துபோகும். காரோட்டில் முடியும் புறவழிச்சாலையின் கான்கிரீட் பாதையில் ஏறி ஒரே வேகத்தில் போனால் அந்த லாபம் குறைந்துவிடும். அங்கே இழுப்பது எஞ்சின். கம்பெனி சொல்லும் 27.97 கிலோமீட்டர் மைலேஜ் சோதனைக் கூடத்தில் கிடைத்தது. நம் சாலையில் 22 வந்தால் சந்தோஷப்படலாம்.

செங்கலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 25 கிலோமீட்டர், போய்வர 50. இந்த வட்டாரத்தில் செக்ரட்டேரியட், மருத்துவக் கல்லூரி என்று வேலைக்குப் போகிறவர்களின் அன்றாட ஓட்டம் பெரும்பாலும் இதை ஒட்டியே இருக்கும். 50 கிலோமீட்டர் ஓட ஒரு காருக்குப் பத்து யூனிட் கரண்டு போதும். பெரும்பாலும் பத்திலிருந்து இருபது யூனிட் வரை கொள்ளும் பேட்டரியும் ஒரு பெட்ரோல் எஞ்சினும் ஒன்றாக உள்ள வண்டிதான் பிளக்-இன் ஹைப்ரிட். ராத்திரி போர்ச்சில் நிறுத்தி 16 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் விடிவதற்குள் நிறைந்துவிடும். வேலைநாள் முழுக்கக் கரண்டில் ஓடலாம். மே மாதம் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்கோ பழனிக்கோ கிளம்பினால் எஞ்சின் இருக்கிறது, வழியில் சார்ஜரைத் தேடி அலைய வேண்டாம்.

சீனாவில் பி.ஒய்.டி. நிறுவனம் இப்படிப்பட்ட காரை 2008 டிசம்பரிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று அங்கே இவை ஆண்டுக்கு லட்சக்கணக்கில் விற்கின்றன. இந்தியாவுக்கு வந்தவை வேறு ரகம். 2015-ல் பி.எம்.டபிள்யூ. ஐ8, 2016-ல் வால்வோ எக்ஸ்சி90-யின் பிளக் வைத்த வடிவம், 2022-ல் பி.எம்.டபிள்யூ. எக்ஸ்எம். மூன்றுமே கோடிக்கு மேல். மாதச் சம்பளக்காரர் கைக்கு எட்டும் விலையில் பிளக்-இன் வராமல் போனதற்கு வரியும் ஒரு முக்கியக் காரணம். ஜி.எஸ்.டி. வந்தபோது நான்கு மீட்டருக்கு மேற்பட்ட ஹைப்ரிட்டுகளுக்குச் செஸ்ஸோடு 43 சதவீதம் விழுந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். முழு மின்சாரக் காருக்கு 5 சதவீதம்தான். வாரத்தில் ஐந்து நாள் கரண்டில் ஓடக்கூடிய வண்டியும் ஒரு சொட்டுக் கரண்டு ஏற்றாத வண்டியும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே. உத்தரப் பிரதேசம் 2024 ஜூலையில் என்னுடையது போன்ற ஸ்ட்ராங் ஹைப்ரிட், பிளக்-இன் இரண்டுக்கும் பதிவு வரியை விட்டுக்கொடுத்தது.

ஆனால் சலுகை தருவதற்கு முன் ஐரோப்பாவின் அனுபவத்தைப் பார்த்துவிட வேண்டும். அங்கே சலுகை கிடைத்ததால் பிளக்-இன் வாங்கிய பலர் அதைச் சொருகவே இல்லை. 2021-ல் பதிவான வண்டிகளின் எரிபொருள் அளவிகளை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024-ல் அறிக்கை வெளியிட்டது. பிளக்-இன் கார்கள் விட்ட கரியமில வாயு, சோதனையில் காட்டியதைப் போல மூன்றரை மடங்கு. பெட்ரோலுக்கு ஆபீஸ் பணம் தருகிறதென்றால் ராத்திரி பத்து மணிக்கு எழுந்துபோய் யார் வயரைச் சொருகுவார்கள்? பிளக்-இன் வந்தால் நம் ஊரிலும் நடக்கப்போவது இதுதான். களியக்காவிளையில் ஐந்து ரூபாய் குறைவு என்கிற ஆசையும் அதோடு சேர்ந்துகொள்ளும். எனவே சலுகை தருவதென்றால் வண்டி ஏற்றிய யூனிட்டைப் பார்த்துத் தர வேண்டும். அந்தக் கணக்கு வண்டிக்குள்ளேயே பதிவாகிறது.

கரண்டுப் பில்லிலும் ஒரு பள்ளம் உண்டு. கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி.யில் மாதம் 250 யூனிட் வரை கட்டணம் படிப்படியாக ஏறும். அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை. தினம் பத்து யூனிட் வீதம் 25 வேலைநாளுக்குக் கார் மட்டுமே 250 எடுத்துக்கொள்ளும். வீட்டின் மிக்சி, ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் அந்த விலைக்குள் வந்துவிடும். இப்படிக் கூடும் தொகை முழுவதையும் காரின் தலையில் கட்டினால் யூனிட் சுமார் 11 ரூபாய் வரை போகலாம். சாயங்காலம் 6 முதல் 10 வரை ஏற்றினால் இன்னும் கூடும். யூனிட் 11 ரூபாய் என்றாலும் 50 கிலோமீட்டருக்கு 110 ரூபாய்தான். லிட்டருக்கு 15 தரும் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு 350 ரூபாய் விழுங்கும். என் ஹைப்ரிட் 240 ரூபாய் கேட்கிறது.

இந்தக் கணக்கைச் சொன்னால், "அப்போ நேரா கரண்டு காரே வாங்கலாமே" என்பார்கள். வாங்கலாம். எங்கள் ஊர் மகேஸ்வரம் சிவபார்வதி கோயிலின் 111 அடி சிவலிங்கத்தைப் பார்க்க வரும் வண்டிகளில் இப்போது மின்சாரக் கார்களின் பச்சை நம்பர் பிளேட்டுகள் கூடியிருக்கின்றன. திருவனந்தபுரம், நாகர்கோவில் என்று மட்டும் ஓடுகிறவருக்கு அது போதும். ஒரே கார் வைத்துக்கொண்டு திடீரென்று மதுரை ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவர்தான் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. வேகமாக ஏற்றும் சார்ஜர் வழியில் ஒன்றுதான் இருந்து, அதிலும் வேறொரு வண்டி நின்றால் அரைமணி நேரம் போய்விடும்.

பிளக்-இன் கிடைக்காத ஊரில் மக்கள் அதைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் பல வீடுகளில் ஒரு மின்சார ஸ்கூட்டரும் ஒரு பழைய பெட்ரோல் காரும் நிற்கின்றன. பள்ளிக்கூடம், சந்தை, உதியன்குளங்கரை மருந்துக்கடை, தனுவச்சபுரம் ரயில்வே ஸ்டேஷன் எல்லாவற்றுக்கும் ஸ்கூட்டர். ஸ்டேஷனில் அதை நிறுத்திவிட்டுத் திருவனந்தபுரத்துக்கு ரயில் பிடிக்கிறவர்களும் உண்டு. கார் வெளியே வருவது கல்யாணத்துக்கும் மழைக்கும் தூரப் பயணத்துக்கும். ஸ்கூட்டர் ஏற்றுவது ஓரிரு யூனிட்தான் என்பதால் பில் அந்தப் பள்ளத்தில் விழுவதும் அபூர்வம். அன்றாடம் கரண்டு, அவசரத்துக்குப் பெட்ரோல் என்ற பிளக்-இன் தத்துவம் அந்த வீடுகளில் இரண்டு வண்டியாக ஓடுகிறது. இருபது லட்சம் கொடுத்து ஹைப்ரிட் வாங்கிய எனக்கு அவர்களைவிடச் செலவு அதிகம்.

கார் மாற்ற நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு மாதம், தினம் ஓடிய கிலோமீட்டரைக் காலண்டரில் எழுதிவையுங்கள். இருபது நாளுக்கு மேல் 60-க்குள் நின்று, வீட்டில் வேறொரு பெட்ரோல் வண்டியும் இருந்தால் மின்சார வண்டியே போதும். இருப்பது ஒரே வண்டி, தூர ஓட்டமும் அடிக்கடி வரும் என்றால் இப்போதைக்கு ஹைப்ரிட்தான். பிளக் வைத்தது நியாயமான விலைக்கு வந்தால் அப்போது வாங்குங்கள், தினம் ராத்திரி சொருகும் பொறுமை இருந்தால் மட்டும்.