பாம்பூஸிலும் நமது விமர்சகர்களும்

'பாம்பூஸில்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குக் 'குழப்பு' என்று பொருள் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இது பாதிப் பொருள்தான். 1755ல் தமது அகராதியில் ஜான்ஸன் அதற்கு முதலில் தந்த அர்த்தம் ஏமாற்றுதல். குழப்புதல் கடைசியில்தான் வருகிறது. கனமான எழுத்துக்கு ஆகாத கொச்சை என்றும் அவர் குறித்துவைத்தார். அதற்கு முன்பே, 1710ல், 'டாட்லர்' இதழில் ஸ்விஃப்ட் அச்சொல்லைப் புதுமோஸ்தர்ப் பிதற்றல்களோடு சேர்த்துத் தாக்கியிருந்தார். பிறப்பே சரிவரத் தெரியாத அந்தச் சொல் இரு மேதைகளின் எதிர்ப்பையும் மீறிப் பிழைத்துக்கொண்டது. ஒருவனைத் திணறடித்து, அந்தத் திணறலிலேயே கையெழுத்து வாங்கிவிடும் காரியத்துக்கு அது அத்தனை கச்சிதமாகப் பொருந்துகிறது. குழப்பம் அங்கே கருவி, ஏமாற்றுதான் நோக்கம்.

'பிவில்டர்' வேறு ஜாதி. அதனுள் இருப்பது வனாந்தரம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல என்று நம்மவர் சொல்வதும் அந்தத் தவிப்பைத்தான். அங்கே கையெழுத்து வாங்க எவனும் காத்திருப்பதில்லை.

இந்த வித்தியாசம் அகராதிக்காரரின் தலைவலி மட்டுமல்ல. நல்ல கவிதை வாசகனைக் காட்டில் விடலாம். கவிஞனும் அதே காட்டில் அலைந்தவன்தான். இரண்டாம் முறை, மூன்றாம் முறை படிக்கையில் ஓர் ஒற்றையடிப்பாதை தட்டுப்படும். ஆனால் அக்கவிதையைப் பற்றி எழுதும் நமது விமர்சகர் செய்வது என்ன? இருத்தலியல், அமைப்பியல், பிரக்ஞை, படிமம் என்று அடுக்குகிறார். அவரது பாராவை எடுத்துச் சாதாரண வார்த்தைகளில் சொல்லிப் பாருங்கள். கையில் ஒன்றும் மிஞ்சாது. புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு வாசகன் தலையாட்டிவிட வேண்டும். அவர் கேட்கும் கையெழுத்து அதுதான்.

யாராவது கேள்வி கேட்டுவிட்டால், ஆழமான விஷயம் எளிதில் பிடிபடாது என்று கவிஞனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். கவிஞனின் இருட்டு வேறு, இவர் கிளப்பும் புழுதி வேறு. இரண்டையும் 'சிரமம்' என்ற ஒரே சொல்லால் மூடுவதுதான் மோசடி.

இதில் நஷ்டம் விமர்சகருக்கு அல்ல. ஏமாந்ததை உணரும் வாசகன் கட்டுரையோடு கவிதையையும் வீசி எறிகிறான். புதுக்கவிதை புரியவில்லை என்ற பழைய புகாரில் ஒரு பங்கு விமர்சனத்தின்மேல் விழ வேண்டியது. அதைக் கவிஞன் சுமந்துகொண்டிருக்கிறான்.

குழப்பத்தைக் குழப்பம் என்றும், ஏமாற்றை ஏமாற்று என்றும் தனித்தனியே பெயர் சொல்லி அழைக்கப் பழகுவோம். விமர்சனம் அதற்கப்புறம் ஆரம்பிக்கட்டும்.