டிஸ்க் ஃபுல்லா? பெருசாக்கு! - இது தீர்வா, அனாமத்துக் கணக்கா?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுட்டே வந்த விஷயம். போன வாரம் சித்தப்பா கடையில நடந்த கூத்துக்கு அப்புறம் இனியும் சும்மா இருக்க முடியாதுன்னு உட்கார்ந்துட்டேன். நான் படிக்கிறது பி.காம். "டிஸ்க் பத்தி எழுத நீ யாருடா?"ன்னு கம்ப்யூட்டர் படிச்சவங்க கேட்கலாம். பில் கட்டுற கட்சியைச் சேர்ந்தவன்னு வெச்சுக்கோங்க :-)

சித்தப்பாவுக்கு எலக்ட்ரிகல் சாமான் மொத்த வியாபாரம். பில் போடுற சாஃப்ட்வேர் ஓடுறது கடைக் கம்ப்யூட்டர்ல இல்லை, கிளவுட்ல வாடகைக்கு எடுத்த ஒரு விர்ச்சுவல் மெஷின்ல. சனிக்கிழமை சாயங்காலம், கடை நிறைய ஆள் இருக்கிற நேரத்துல, பில் போடுறது நின்னு போச்சு. டிஸ்க்ல இடம் இல்லைன்னு ஒரே செய்தி திரும்பத் திரும்ப வருது. சித்தப்பா பழைய பில் புக்கைத் தூசி தட்டி எடுத்து கையால எழுத ஆரம்பிச்சுட்டார். சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்த அண்ணனுக்கு போன் பண்ணா உடனே பதில் வந்தது: "200 ஜிபி பத்தலை சார். 400 ஆக்கிடலாம்."

சாஃப்ட்வேர் போட்டு அஞ்சு மாசம்தான் ஆகுது. ஆரம்பிச்சப்போ டிஸ்க் 30 ஜிபி. அப்புறம் 60, 120, 200. இப்போ 400. ஒரு எலக்ட்ரிகல் கடை அஞ்சு மாசத்துல 200 ஜிபிக்கு அப்படி என்னதான் பில் போட்டிருக்கும்? ஒருத்தரும் இந்தக் கேள்வியைக் கேட்கலை. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

எங்களுக்கு முதல் வருஷத்துலயே ஒரு பாடம் நடத்துவாங்க. இருப்பாய்வு ரெண்டு பக்கமும் பொருந்தலைன்னா வித்தியாசத்தைத் தற்காலிகமா அனாமத்துக் கணக்குல போட்டு வைக்கலாம். ஆனா பிழையைக் கண்டுபிடிச்சு அந்தக் கணக்கைத் தீர்த்தே ஆகணும். தீர்க்காம வருஷா வருஷம் தள்ளிக்கிட்டே போறவனை யாரும் கணக்கன்னு சொல்ல மாட்டாங்க. டிஸ்க் நிறைஞ்சதும் காரணம் பார்க்காம பெருசாக்குறதும் அதே வேலைதான்.

அன்னிக்கு ராத்திரி லினக்ஸ் தெரிஞ்ச ஹாஸ்டல் நண்பனை உட்கார வெச்சுப் பார்த்தோம். டேட்டாபேஸ் மொத்தம் 1.8 ஜிபி. பில், சரக்கு இருப்பு, பாக்கிக் கணக்கு எல்லாமே அதுக்குள்ள அடங்கிடுச்சு. ஒரே ஒரு லாக் ஃபைல் மட்டும் 171 ஜிபி! சோதனைக்காகப் போட்டு வெச்ச டீபக் மோடை அணைக்க மறந்துட்டாங்க. சாஃப்ட்வேர் ஓடுறது டாக்கருக்குள்ள. டாக்கரோட வழக்கமான ஜேசன் லாக் முறையில, நாமா ஒரு உச்சவரம்பு வெச்சாதான் உண்டு. இல்லைன்னா லாக் வளர்ந்துக்கிட்டே போகும், பழசு தானா அழியாது. ஒரு நாளைக்கு சுமார் 2 ஜிபின்னு எழுதித் தள்ளியிருக்கு. அதுக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்தா வாடிக்கையாளர் பேர், போன் நம்பர், வாங்கின சாமான் எல்லாம் வரிவரியா கிடக்கு. அஞ்சு மாசமா காசு கொடுத்துக் காப்பாத்தினது இதைத்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்க. இன்னும் 200 ஜிபி சேர்த்தா, நாளைக்கு 2 ஜிபி வீதம், 100 நாள் ஓடும். 101-ஆம் நாள் சித்தப்பா மறுபடியும் பில் புக்கைத் தேடுவார். பிரச்சினை அங்கேயேதான் இருக்கும், தேதி மட்டும் தள்ளிப் போகும்.

முன்னாடி பெருசாக்கின கதைகளைக் கேட்டா இன்னும் வேடிக்கை. முதல் தடவை அந்த அண்ணன் கிளவுட் பக்கத்துல போய் 30-ஐ 60 ஆக்கியிருக்கார். மெஷினுக்குள்ள பார்த்தா இன்னும் 30-தான் காட்டுது. சரி, வேலை செய்யலைன்னு மறுநாள் 120 ஆக்கிட்டார். நடந்தது என்ன? டிஸ்க் பெருசாக்குறது மூணு கட்ட வேலை. கிளவுட்ல வால்யூமைப் பெருசாக்கணும். அப்புறம் மெஷினுக்குள்ள பார்ட்டிஷனை நீட்டணும், அதுக்கு க்ரோபார்ட்னு ஒரு கட்டளை. கடைசியா ஃபைல் சிஸ்டத்தை நீட்டணும். ஈஎக்ஸ்டி4-ன்னா ரீசைஸ்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ்-ன்னா அதுக்குத் தனிக் கட்டளை. பக்கத்து மனையை வாங்கிப் பத்திரம் பதிஞ்சாச்சு, ஆனா காம்பவுண்டு சுவரை நகர்த்தலை. இடம் சின்னதா இருக்கேன்னு அதுக்கும் அடுத்த மனையையும் வாங்கின மாதிரி இது. அப்புறம் மெஷினை ரீபூட் பண்ணதும் அது தானாவே பார்ட்டிஷனை நீட்டிக்கிச்சு (பல கிளவுட் இமேஜ்ல இந்த ஏற்பாடு உண்டு). "பட்டனை அமுக்கு, ரீபூட் பண்ணு"ங்கிறது அவருக்கு மந்திரமாப் போச்சு.

ரெண்டாவது தடவை நிறைஞ்சப்போ லாக் மேல சந்தேகப்பட்டு அதை அழிச்சும் பார்த்திருக்கார். இடம் திரும்பி வரலை. அப்போ லாக் காரணம் இல்லைன்னு முடிவு பண்ணி 200 ஆக்கி ரீபூட் பண்ணிட்டார். சரியான திருடனைப் பிடிச்சு நிரபராதின்னு விட்டுட்டார்!

இந்த இடம் காமர்ஸ் பசங்களுக்கு நல்லாப் புரியும். லினக்ஸ்ல இடத்தைக் கணக்குப் பார்க்க ரெண்டு கட்டளை இருக்கு. டிஎஃப்-ங்கிறது ஃபைல் சிஸ்டத்தையே கேட்டு, எவ்வளவு போச்சு, எவ்வளவு மிச்சம்னு சொல்லும். டியூ-ங்கிறது ஒவ்வொரு அடைவாப் போய் கண்ணுக்குத் தெரியிற ஃபைல்களைக் கூட்டிச் சொல்லும். முதலாவது வங்கிச் செல்லேடு, ரெண்டாவது நம்ம ரொக்க ஏடு. ரெண்டும் பொருந்தலைன்னா வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போடுறோமே, அதேதான் இங்கேயும்.

ஓடிட்டு இருக்கிற ஒரு புரோகிராம் ஒரு ஃபைலைத் திறந்து வெச்சிருக்கும்போது நாம அதை அழிச்சா, பேர் மட்டும்தான் போகும், இடம் போகாது. புரோகிராம் அதை மூடுற வரைக்கும் டிஸ்க் அந்த இடத்தை விடாது. நாம எழுதிக் கொடுத்துட்ட காசோலை இன்னும் வங்கிக்கு வரலை, அவ்வளவுதான். ரொக்க ஏட்டுல கழிச்சாச்சு, செல்லேட்டுல கழியலை. யார் பிடிச்சு வெச்சிருக்காங்கன்னு காட்ட எல்எஸ்ஓஎஃப்-னு ஒரு கட்டளையே இருக்கு. அந்தப் புரோகிராமை ரீஸ்டார்ட் பண்ணா இடம் வந்துடும். அண்ணன் விஷயத்துல ரீபூட்தான் இடத்தைத் திருப்பிக் கொடுத்தது. புது ஜிபி இல்லாமலே வந்திருக்கும். பேர் வாங்கினது மட்டும் புது ஜிபி.

சரிக்கட்ட வேண்டிய மத்த வகைகளும் இருக்கு. ஈஎக்ஸ்டி4 வழக்கமா 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்குன்னு ஒதுக்கி வைக்கும். 200 ஜிபியில அதுவே 10 ஜிபி. ஒரு அடைவு மேல வேற டிஸ்க்கை மவுண்ட் பண்ணியிருந்தா, அடியில இருந்த பழைய ஃபைல்கள் கண்ணுக்குத் தெரியாது, ஆனா இடத்தைத் தின்னும். இதெல்லாம் இல்லாம ஜிபி பாதி காலியா இருக்கும்போதே இடம் இல்லைன்னு வருதா? ஐநோடு தீர்ந்திருக்கும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோடு வேணும். ஈஎக்ஸ்டி4-ல பொதுவா 16 கேபிக்கு ஒண்ணுன்னு ஃபைல் சிஸ்டம் உருவாக்கும்போதே எண்ணிக்கை முடிவாயிடும். குட்டிக் குட்டியா லட்சக்கணக்குல ஃபைல் சேர்ந்தா, மூட்டை வைக்க இடம் இருக்கும், பதிவேட்டுல எழுதப் பக்கம் இருக்காது. டிஎஃப்-ஐ "ஐ" ஆப்ஷனோட ஓட்டினா இது தெரிஞ்சுடும். பத்து விநாடி வேலை!

இப்போ எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். "ஸ்டோரேஜ் சல்லிசு தம்பி, இன்ஜினியரோட ஒரு மணி நேரம்தான் விலை ஜாஸ்தி. தேடிட்டு இருக்கிற நேரத்துல பெருசாக்கிட்டுப் போயிடலாம்." பெரிய கம்பெனிக்கு இது சில சமயம் சரியாவும் இருக்கலாம். ஆனா இதுல ரெண்டு ஓட்டை இருக்கு.

முதல் ஓட்டை: இன்ஜினியரோட மணி ஒரு தடவைச் செலவு. டிஸ்க் வாடகை மாசா மாசம் வரும். அதுவும் பயன்படுத்தின அளவுக்கு இல்லை, ஒதுக்கின அளவுக்கு. அமேசானோட ஜிபி3 வகை வால்யூமுக்கு அமெரிக்காவின் வர்ஜீனியா மண்டலத்துல (நம்ம அண்ணன் அங்கேதான் போட்டிருந்தார்) மாசம் ஜிபிக்கு 8 சென்ட். 30 ஜிபிக்கு 2.40 டாலர், 200-க்கு 16, 400-க்கு 32 டாலர். அஸூர் பிரீமியம் எஸ்எஸ்டியில 128 ஜிபிக்கு மேல ஒரே ஒரு ஜிபி கூடினாலும் 256 ஜிபி படிக்கான விலை.

ரெண்டாவது ஓட்டைதான் பெருசு: இது ஒரு வழிப் பாதை. அமேசான் 2017-ல ஓடுற மெஷினை நிறுத்தாமலே வால்யூமைப் பெருசாக்குற வசதியைக் கொண்டு வந்தது. நல்ல வசதிதான், மறுக்கலை. ஆனா சின்னதாக்க முடியாது. கூகுள் கிளவுட்லயும் முடியாது, அஸூர்லயும் முடியாது. எக்ஸ்எஃப்எஸ் மாதிரி ஃபைல் சிஸ்டத்தையும் நடைமுறையில சுருக்க முடியாது. ஓடுற டிஸ்க்கைச் சுருக்குறது தொழில்நுட்பரீதியா ஆபத்தான வேலைன்னு எனக்கும் தெரியும். ஆனா ஏத்துறதுக்கு ஒரு பட்டன், இறக்கணும்னா புது டிஸ்க், நகல், மாற்று, கடைக்கு லீவுங்கிற அமைப்புல லாபம் யாருக்குன்னு கேட்க இன்ஜினியரிங் படிக்க வேண்டாம். "தேவைக்கு ஏத்த மாதிரி கூட்டலாம், குறைக்கலாம்"னு சொல்லித்தானே கிளவுடை வித்தாங்க? மாறும் செலவுன்னு நம்பி உள்ளே போறோம், ஒவ்வொரு பட்டனும் அதை நிலைச் செலவாக்கிடுது.

"டொயோட்டாவே பெருசாக்கித்தானே தப்பிச்சது"ன்னு ஒருத்தர் என்கிட்ட வாதாடினார். உண்மைதான். 2023 ஆகஸ்ட் 29 அன்னிக்கு ஜப்பான்ல டொயோட்டாவோட 14 ஆலையும் நின்னு போச்சு. உதிரிபாக ஆர்டர்களைக் கவனிக்கிற சர்வர்கள்ல டிஸ்க் இடம் பத்தாததுதான் காரணம். பேக்அப் சர்வர்களும் அதே அமைப்புல இருந்ததால அதுவும் கைவிட்டுடுச்சு. பெரிய கொள்ளளவு உள்ள சர்வருக்கு டேட்டாவை மாத்தினதும் சரியாச்சு. ஆனா முழுக்கதையைப் பாருங்க. முந்தின 27-ஆம் தேதி பராமரிப்பு வேலையில, டேட்டாபேஸ்ல சேர்ந்த டேட்டாவை அழிச்சு ஒழுங்குபடுத்தும்போதுதான் இடம் பத்தாமப் போனது. அதாவது சுத்தம் பண்றதுக்கே கொஞ்சம் காலி இடம் வேணும். டிஸ்க் முழுசா நிறைஞ்சுட்டா க்ரோபார்ட் கூட தற்காலிக ஃபைல் எழுத இடம் இல்லாம தோத்துப் போகும். 100 சதவீதம் ஆனப்புறம் ஓடுறதை விட, 80-ல ஒரு எச்சரிக்கை வர்ற மாதிரி வெச்சுட்டு, ஏன் ஏறுதுன்னு அப்பவே கேட்கிறதுதான் புத்திசாலித்தனம்.

நான் பெருசாக்கவே கூடாதுன்னு சொல்லலை. ராத்திரி ரெண்டு மணிக்கு வியாபாரம் நின்னா ஸ்னாப்ஷாட் எடுத்துட்டுத் தாராளமா பெருசாக்குங்க. அது முதலுதவி. வியாபாரம் வளர்ந்து டேட்டாபேஸே பெருத்தாலும் பெருசாக்கத்தான் வேணும். ஆனா எந்தத் தலைப்புல எவ்வளவு இடம் போச்சுன்னு ஒரு பட்டியல் இல்லாம அடுத்த பட்டனுக்குக் கையை நீட்டாதீங்க. சர்வர் வெச்சிருக்கிற சின்ன முதலாளிகளே, உங்க ஆள் "இடம் பத்தலை"ன்னு சொன்னா "எது தின்னுச்சு?"ன்னு கேளுங்க. பதில் வராம காசு கொடுக்காதீங்க.

எங்க கதை முடிவு: லாக்கைக் காலி பண்ணோம், டீபக்கை அணைச்சோம், டாக்கர் லாக்குக்கு உச்சவரம்பு வெச்சோம். சனிக்கிழமை ராத்திரியே பில் ஓட ஆரம்பிச்சது. ஞாயித்துக்கிழமை கடை லீவுல 30 ஜிபி டிஸ்க்கோட புது மெஷின் எடுத்து எல்லாத்தையும் மாத்தினோம். காலையில உட்கார்ந்தது, முடிக்க ராத்திரி ஆயிடுச்சு. பட்டனை அமுக்க ஒரு நிமிஷம், அதைத் திருப்ப ஒரு முழு நாள்! மாசம் 13.60 டாலர் மிச்சம். "இவ்வளவுதானாடா?"ன்னு சித்தப்பா கேட்டார். வருஷத்துக்குக் கணக்குப் போட்டு ரூபாயில சொன்னதும், கடைப் பையனோட தீபாவளி போனஸாச்சேன்னு சத்தமில்லாம உள்ளே போயிட்டார்.

டிஸ்கி: அந்த அண்ணனைத் திட்டணும்னு எழுதலை. நல்ல மனுஷன், ஞாயித்துக்கிழமை எங்களோட கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தார். பெருசாக்குறது எப்படின்னு அவருக்குச் சொல்லிக் கொடுக்க ஆயிரம் பேர் இருந்தாங்க, ஏன் நிறைஞ்சதுன்னு கேட்கச் சொல்லித்தான் ஒருத்தரும் இல்லை.