வீடு கேட்பவரிடம் குலம் கேட்பதா?

"வீடு வாடகைக்கு உண்டு" என்ற விளம்பரத்தைக் கண்டு விசாரிக்கும் தமிழர், தம் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் "வீடு கொடுத்தாயிற்று" என்ற மறுமொழி பெறுவது கொழும்பு மாநகரில் புதுமையன்று. உத்தியோகம் பார்க்கச் செல்லும் இளைஞரும், நெல் விற்ற பணத்தில் பிள்ளையைப் படிக்க அனுப்பும் வன்னிக் கமக்காரரும் இக்கொடுமையை நன்கறிவர்.

2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள், கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழரைப் பொலிசார் பஸ் வண்டிகளில் ஏற்றி வெளியேற்றினர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. வெளியேற்றியது அரசாங்கம், ஆதலால் நீதிமன்றின் கதவு திறந்தது. வீட்டுச் சொந்தக்காரரே கதவை அடைத்தால் எந்த மன்றுக்குச் செல்வது?

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பைப் புரட்டிப் பார்ப்போம். அதன் 12(3)ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகியவற்றின் பேரால் கடைகள், உணவகங்கள், விடுதிகள், களியாட்ட இடங்கள், தத்தம் மத வழிபாட்டிடங்கள் என்பவற்றுள் எவரையும் தடுத்தலாகாது என்கிறது. வாடகை வீடு அப்பட்டியலில் இல்லை. அன்றியும், 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றை நாடுவதற்கு, மீறல் ஆட்சித்துறையாலோ நிருவாகத்துறையாலோ நிகழ்ந்திருத்தல் வேண்டும். தேநீர் அருந்த உரிமை உண்டு. தலை சாய்க்க உரிமை இல்லை! இது என்ன நீதி?

பிரித்தானியாவும் ஒருகாலத்தில் இதே நிலையில் இருந்தது. 1965ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் பொது இடங்களைப் பெரிதும் கருதிற்றேயன்றி, வீடு தேடுவோருக்குத் தக்க காப்பளிக்கவில்லை. "கறுப்பருக்கு இடமில்லை" என்ற அறிவிப்புகள் தொடர்ந்தன. குறையை உணர்ந்த பாராளுமன்றம் 1968இல் வீட்டு வசதியையும் விளம்பரத்தையும் சட்டத்துள் அடக்கிற்று.

அதே ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டார். ஒரு வாரத்துள், ஏப்ரல் 11ஆம் நாள், அமெரிக்காவின் நியாய வீட்டு வசதிச் சட்டம் கையொப்பமாயிற்று. உரிமையாளர் தாமும் குடியிருக்கும், நான்கு குடும்பங்களுக்கு மேற்படாத சிறு வீடுகளுக்கு அச்சட்டம் விலக்களித்தது. ஆயினும் விளம்பரத் தடைக்கு விலக்கில்லை. "வெள்ளையர் வீடு" என்ற விளம்பரத்தை வெளியிட்ட மேரிலாண்ட் வார இதழ் ஒன்றையும் இத்தடை கட்டும் என 1972இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. பத்திரிகை நடத்துவோர் மறக்கலாகாத தீர்ப்பு இது.

வீட்டுச் சொந்தக்காரருக்கு உரிமையே இல்லையென்று நாம் வாதிடவில்லை. வாடகை செலுத்தும் வல்லமை உண்டா, முன்னைய வீட்டை ஒழுங்காக வைத்திருந்தாரா, எத்தனை பேர் குடியிருப்பர் என வினவுதல் முறையே. ஆனால் அவ்வினாக்கள் வருவோர் அனைவருக்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும். முருகேசருக்கு ஓர் அளவுகோல், பெரேராவுக்கு வேறோர் அளவுகோல் என்பது விசாரணையன்று, வஞ்சகம்.

தென்னிலங்கையை நோக்கி விரல் நீட்டும் நாம் நம் முற்றத்தையும் பார்த்தல் வேண்டும். திருநெல்வேலியிலே அறை தேடும் பல்கலைக்கழக மாணவியிடம் "எந்த ஊர்? எந்தப் பகுதி? யாருடைய பிள்ளை?" என்று அடுக்கடுக்காகக் கேட்பது எதற்காக? வாடகை வாங்கவா? சாதியை அறியவன்றோ! சாதியின் பேரால் சமூகக் குறைபாடுகளை விதிப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957இலேயே நிறைவேறிற்று. அச்சட்டம் வந்தபின்னும், 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாயிலில் போராட்டம் நிகழ வேண்டியிருந்தது. ஆலயக் கதவுக்காக வருந்திய மனச்சாட்சி வீட்டுக் கதவருகே உறங்கலாமா? தமிழர் என்பதால் நமக்கு வீடு மறுப்பது அநீதியாயின், தமிழருக்குத் தமிழர் மறுப்பதும் அநீதியே.

ஆகவே நாம் கோருவன இவை: 12(3)ஆம் உறுப்புரையில் வாடகைக் குடியிருப்பும் சேர்க்கப்படல் வேண்டும். இனமோ மதமோ சாதியோ குறிக்கும் வீட்டு விளம்பரங்கள் சட்டத்தால் தடுக்கப்படல் வேண்டும். பாதிக்கப்பட்டோர் குறைந்த செலவில் முறையிட மாவட்டந்தோறும் ஒரு மன்று அமைதல் வேண்டும்.

சட்டம் வரும்வரை நாம் வாளாவிருக்க வேண்டியதில்லை. இத்தகைய விளம்பரங்களை எத்தமிழ்ப் பத்திரிகையும் ஏற்றலாகாது, இவ்விதழ் ஏற்காது. நீதி கேட்கும் இனம், நீதி வழங்கவும் அறிந்த இனமாதல் வேண்டும்.