தண்ணி எங்கடா போவும்?

சமையலறையில் லேமினேட் பலகை போடுவதற்குத் தரையைத் தயார் செய்வது என்றால், எங்கள் பக்கத்து வீடுகளில் அதன் முதல் வேலை தண்ணீர் வெளியேறும் ஓட்டையை அடைப்பது. விளம்பரத்தில் இதைப் பார்த்ததில்லை. நெமிலியில் எங்கள் வீட்டுக்கு அளவெடுக்க வந்த பையன்தான் சொன்னான். தொழில் தெரிந்த பையன். அவனோடு சண்டை போட எனக்கு வழியில்லை, அதனால் இங்கே போடுகிறேன்.

எங்களுடையது ரெட் ஆக்சைடு போட்டு இழைத்த சிமெண்ட் தரை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, மூன்று இடத்தில் விரிசல். லேமினேட் என்னுடைய யோசனைதான், ரீல்ஸில் பார்த்தது. பழைய தரையைக் கொத்த வேண்டாம், பலகைகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், ஒரே நாளில் வீடு மாறிவிடும்.

பையன் இரண்டு மீட்டர் மட்டக்கோலைத் தரையில் வைத்தான். அடியில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் சந்து இருக்கக் கூடாதாம். எங்கள் தரையில் சுண்டுவிரல் நுழைந்தது.

"தரை குழிஞ்சிருக்குண்ணா. காம்பவுண்ட் ஊத்தி மட்டம் பண்ணிட்டு, அந்த ஓட்டைய அடைச்சிரலாம்."

அது குழி இல்லை, வாட்டம். மூணு பக்கமிருந்தும் தண்ணி அந்த மூலைக்கு ஓடணும்னு கொத்தனார் கரணையால இழுத்து வச்ச சரிவு. ஒரே சீரான சரிவாக இருந்தால்கூடப் பலகை படிந்துவிடும். தட்டு மாதிரி நடுவில் இறங்கினால் படியாது. மிதிக்கிறபோதெல்லாம் அமுங்கி எழும், இணைப்பு விட்டுப்போகும். ஆக, பையன் சொன்னது சரி. நான் கேட்டதுதான் தப்பு.

வாசப்படியில் நின்றிருந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "கிரைண்டர் கழுவுற தண்ணி எங்கடா போவும்?"

லேமினேட்டைப் பலர் மரம் என்று நினைக்கிறார்கள். மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை அது. மேலே மரத்தின் படம் அச்சிட்ட தாள், அதற்கு மேல் மெலமைன் பூச்சு. பூச்சைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. இணைப்பு வழியாக இறங்கினால் நார் ஊறி உப்பும். உப்பியது காய்ந்தாலும் பழையபடி ஆகாது. ஸ்வீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977இல் கண்டுபிடித்த பொருள். துணியால் துடைத்து எடுக்கிற சமையலறைக்கு அது நல்ல பொருள்தான். வாளியால் ஊற்றுகிற சமையலறைக்கு இல்லை.

தண்ணீர் மேலிருந்து மட்டும் வருவதில்லை. கொசஸ்தலை ஆற்றுப் பக்கத்து ஊர் இது. ஐப்பசி, கார்த்திகையில் தரை ஓதம் காக்கும். ஒரு பாலித்தீன் தாளை விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒருநாள் விட்டுப் பாருங்கள், அடியில் முத்து முத்தாக நிற்கும். அதைத் தடுக்க ஒரு தாள், மேலே ஃபோம், அதற்கு மேல் பலகை. மேலிருந்து கசிகிற தண்ணீருக்கு இப்போது அந்தத் தாளே தொட்டி. பலகை விரிவதற்காகச் சுவரோரம் எட்டுப் பத்து மில்லிமீட்டர் இடைவெளி விட்டுச் சட்டம் வைத்து மறைப்பார்கள். கரப்பானுக்கு அதைவிட நல்ல குடித்தனம் ஏது?

ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ தோல் கம்பெனியில் வேலை பார்த்த யாரையாவது கேளுங்கள். ஈர வேலை நடக்கிற கொட்டகையில் வாட்டமும் கால்வாயும் இல்லாமல் டிரம்மை நிறுத்துவார்களா? சமையலறையும் ஈர வேலை நடக்கிற இடம்தான். அங்கே வேலை செய்கிறவர் சம்பளம் வாங்குவதில்லை, அதனால் நம் கண்ணுக்கு அது ஷோரூமாகத் தெரிகிறது.

இதைச் சொன்னபோது ஒரு தோழி மடக்கினாள். "உங்கம்மா கழுவற தரைக்கு நீ ஏன் இவ்ளோ உருகுற?" நியாயம். அதுவரை நான் ஒருநாளும் அந்தத் தரையைக் கழுவியதில்லை. ஆனால் லேமினேட் அந்த வேலையை ஒழிக்கவில்லை, காவல் வேலையாக மாற்றுகிறது. சிந்தினால் உடனே துடை, துணியை ஒட்டப் பிழி, முப்பது கிலோ சிலிண்டரை இழுக்காதே. இத்தனை கட்டளையும் யாருக்கு? காலையில் வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிற எனக்கா? எஸ்பிசி பலகை உப்பாது என்பார்கள். உண்மைதான். அதற்கும் மட்டமான தரை வேண்டும், ஓட்டை அடைபட வேண்டும். அம்மாவின் கேள்வி அப்படியே நிற்கும்.

ஹாலில் போடுங்கள், மாடி அறையில் போடுங்கள், எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

விரிசல்களை மட்டும் வெட்டிச் சிமெண்டும் ரெட் ஆக்சைடும் கலந்து பூசினோம். நிறம் சேரவில்லை, மூன்று தழும்பு மாதிரி இருக்கிறது. ஓட்டைக்குப் புது ஜல்லடை போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கழுவுவது இப்போது என் முறை. முதல் நாளே ஒன்று தெரிந்தது. சிலிண்டர் வைக்கிற இடத்தில் கொத்தனார் கொஞ்சம் ஏமாந்திருக்கிறார், அங்கே மட்டும் தண்ணி நிக்குது.

"அது அப்பவே அப்டித்தான்" என்றார் அம்மா. "தொடப்பத்தால தள்ளு."